மீன் பெட்டியில் வள்ளைக்கீரை

சென்னை வெயிலில் மண்ணில்லாமல் கீரை வளர்க்க முடியுமா என்று கேட்டால், இப்போது முடியும் என்று சொல்வேன். சித்திரை நடுவிலும் என் மொட்டைமாடியில் வள்ளைக்கீரை தழைத்து நிற்கிறது. ஆனால் அது நிற்பது நான் முதலில் கட்டிய குழாய்ப் பந்தலில் அல்ல; அதன் பக்கத்தில் செங்கல் மேல் வரிசையாக வைத்த தெர்மாகோல் மீன் பெட்டிகளில். மோட்டார் கிடையாது, டைமர் கிடையாது, மின்சாரமே கிடையாது. 4,600 ரூபாய் விழுங்கிய குழாய்ப் பந்தலில் இப்போது துணி காய்கிறது.

குழாயில் தொடங்கியதற்குக் காரணம் எளிது. காணொளிகளில் எல்லோரும் குழாயில்தான் வளர்க்கிறார்கள். வெள்ளைக் குழாய், வரிசையாகத் துளை, துளைக்கு ஒரு லெட்டூஸ். பார்க்க அழகு. அந்தக் குழாய்களில் பாதி குளிரூட்டிய கொட்டகைக்குள் இருக்கின்றன என்பதைக் காணொளி காட்டுவதில்லை.

3 அங்குல பி.வி.சி. குழாய், 10 அடி நீளத்தில் இரண்டு. அவற்றை 5 அடித் துண்டுகளாக அறுத்து நான்கு தட்டாக்கினேன். துளைக்கு 50 மி.மீ. ஹோல்சா (வட்டமாக அறுக்கும் துளைவாள்), துளைக்குத் துளை 8 அங்குல இடைவெளி. சரிவு 40-க்கு 1, அதாவது 5 அடிக்கு ஒன்றரை அங்குலம். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது தரையே அரை அங்குலம் வடிகால் பக்கம் சாய்ந்திருந்தது. மாடித்தரை எப்போதும் அப்படித்தான் இருக்கும், மழைநீர் ஓட வேண்டுமே. சரிவை அளக்கும்போது தரையை நம்பாமல் ரசமட்டத்தை நம்ப வேண்டும். கீழே உரக் கரைசலுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி, அதைக் குழாய்க்கு ஏற்றிச் சுற்றவிட 18 வாட் நீர்மூழ்கி மோட்டார்.

இரண்டு இடங்களில் வேலை இழுத்தது. துளை போட்டபோது குழாய்க்குள் விழுந்த பி.வி.சி. துருவல் முழுவதும் மோட்டார் வாயில் போய் அடைத்தது. குழாயை மாட்டுவதற்கு முன்பே ஈரத்துணி கட்டிய கழியை உள்ளே விட்டுத் துடைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, இரண்டு முனை மூடிகளையும் சால்வெண்ட் போட்டு ஒட்டியது. ஒட்டினால் ஒழுகாது, உண்மைதான். ஆனால் உள்ளே பாசி பிடித்தால் கழுவ வழியில்லை. ஒரு முனையையாவது கழற்றும்படி, ரப்பர் வளையம் வைத்து விட வேண்டும். அறுத்து எடுத்து மறுபடி மூடி வாங்கினேன்.

மாசியில் பாலக்கும் லெட்டூஸும் நன்றாகவே வந்தன. பங்குனி பிறந்ததும் நண்பகலில் இலைகள் தொங்கத் தொடங்கின. வேர் தண்ணீரில்தான் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, ஆனாலும் செடி வாடுகிறது. ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த வேர் தேநீர் நிறத்துக்கு மாறி வழவழத்தது. விரலிடையில் பிடித்து லேசாக உருவினால் மேல்தோல் முழுவதும் கையோடு வந்துவிட்டது. நடுவில் மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சியது. சாக்கடை வாடை. வேரழுகலுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. மதியம் 3 மணிக்கு வாளியில் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 38 டிகிரி.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருப்பது 35 டிகிரியில் 7-க்கு இறங்கிவிடுகிறது. அதே சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் தேவை, அழுக வைக்கும் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். கோட்பாடாக இதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு செய்த வைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் உறைந்த பாட்டில்களை வாளியில் போட்டால் அரை மணி நேரம் குளிரும், பிறகு பழையபடி ஆகிவிடும். வாளிக்கு ஈரச் சாக்கு சுற்றியதில் இரண்டு டிகிரி இறங்கியது. ஆனால் சூடேறுவது வாளியில் மட்டும் அல்ல. வெயிலில் கிடக்கும் 20 அடிக் குழாயில், விரல் கனம்கூட இல்லாத நீரோட்டத்தில். மருந்துக் கடையில் வாங்கிய 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, லிட்டருக்கு 3 மி.லி. வீதம் விட்டதில் வேர் சற்று வெளுத்தது, அழுகல் நிற்கவில்லை. கடைசியில் ஒரு நண்பகல் மின்தடையில் மீதி இருந்ததும் போயிற்று. மோட்டார் நின்றால் குழாயில் தண்ணீர் தங்காது. அந்த வெயிலில் ஒரு மணி நேரம் போதும்.

மீன் பெட்டி யோசனை சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையில் வந்தது. ஐஸ் போட்ட மீனை வெளியூர்களிலிருந்து தெர்மாகோல் பெட்டியில்தான் கொண்டுவருகிறார்கள். மீன் விற்றதும் பெட்டி மூலையில் குவிகிறது. ஐஸையே உருகாமல் காக்கும் பெட்டி தண்ணீரைச் சூடேற விடுமா என்ன! “பெட்டி மட்டும் போதுமா தம்பி, மீன் வேண்டாமா?” என்று கேட்ட அக்கா, பெட்டிக்கு 70 ரூபாய் வாங்கினார். உடையாத மூடியுள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். மூடிதான் முக்கியம், செடி நிற்கப் போவது அதில்தான்.

பெட்டியின் உள்ளளவு 45 × 30 × 20 செ.மீ. ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும். மீன் வாடை போக பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, கழுவி, வெயிலில் காயவைத்தேன். வாடை முழுவதும் போகவில்லை. மாடிக்குப் பூனை வந்து போனது. தெர்மாகோல் பார்க்க இறுகலாக இருந்தாலும் மெல்லக் கசியும், சில பெட்டிகளில் அடியில் ஐஸ் தண்ணீர் வடிய ஓட்டையும் இருக்கும். அதனால் உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்டேன். குப்பைப் பையை இரண்டு மடிப்பாகப் போட்ட பெட்டி மூலையில் கிழிந்து ஒழுகியது. 200 மைக்ரான் விரிப்பு தாங்குகிறது. மூலைகளை வெட்டாமல், புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல மடித்து, விளிம்பில் டேப் ஒட்டினால் போதும்.

மூடியில் துளை போட ஹோல்சா வேண்டியதில்லை; அது தெர்மாகோலைப் பிய்த்து எடுக்கும். ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 48 மி.மீ. பிளம்பர் விட்டுப்போன துண்டு ஒன்றின் விளிம்பை அரத்தால் கூராக்கி, மூடியின் மேல் அழுத்தி இடவலமாகத் திருகினால், பொரிகூட உதிராமல் வட்டமாக வந்துவிடுகிறது. 2 அங்குல நெட் பாட், அதாவது செடியைத் தாங்கும் சல்லடைக் கிண்ணம், அதில் கழுத்து வரை இறங்கி விளிம்பில் நிற்கிறது. ஒரு மூடிக்கு ஆறு துளை. அதற்கு மேல் போட்டால் கீரை ஒன்றையொன்று நெருக்குகிறது, மூடியும் பாரம் தாங்காமல் வளைகிறது.

இந்த மோட்டாரில்லா முறையைப் பரப்பியவர் ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி. நெட் பாட்டின் அடி அரை அங்குலம் நனையும்படி கரைசலை ஊற்றி, மூடி, விட்டுவிட வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே காலியாகும் இடத்தில் ஈரக்காற்றில் பஞ்சு போன்ற வேர்கள் கிளம்பி அவை காற்றை எடுத்துக்கொள்ளும். நுனி வேர்கள் நீரில் இருந்து சத்தை எடுத்துக்கொள்ளும். காற்று மோட்டார் செய்யும் வேலையைக் காலியிடம் செய்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மட்டம் பாதிக்கு இறங்கியதைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது. ஒரு பெட்டியைப் பழையபடி விளிம்பு வரை நிரப்பினேன். காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கி, மறுநாளே அந்தப் பெட்டிச் செடிகள் மட்டும் தலை தொங்கின. நிரப்ப வேண்டுமானால் இருக்கும் மட்டத்துக்கு மேல் இரண்டு விரற்கடைக்கு மிகாமல் நிரப்ப வேண்டும். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மூங்கில் குச்சி செருகி, பாதி ஆழத்தில் கோடு கிழித்து வைத்திருக்கிறேன். கோட்டுக்கு மேல் நிரப்புவதில்லை.

உரத்துக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் நீட்டுவது தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம். நர்சரியில் எளிதாகக் கிடைக்கிறது, தண்ணீரில் முழுவதும் கரைகிறது. ஆனால் அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றித் தரும். வெறும் தண்ணீரில் அந்த வேலை மிக மெதுவாகவே நடக்கும். கால்சியமும் அதில் இல்லை. அதில் வளர்ந்த பாலக் கரும்பச்சையாகக் கிளம்பி, குருத்து விளிம்பு கருகிச் சுருண்டது. அந்தப் பாக்கெட் இப்போது தொட்டி ரோஜாவுக்குப் போகிறது.

செங்கல்பட்டுப் பக்கத்து உரக்கடையில் கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் எனப்படும் 13-0-45, மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் எனப்படும் 0-52-34, மெக்னீசியம் சல்பேட் ஆகியவை கிலோ கணக்கில் கிடைத்தன. இரும்புச் செலேட்டும் (படிந்துவிடாமல் கரைசலிலேயே நிற்கும்படி பிணைத்த இரும்பு) நுண்ணூட்டக் கலவையும் தனியாக வாங்கினேன். எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்க்குள். இரண்டு பாட்டில் கரைசலாக வைத்திருக்கிறேன். ‘ஏ’ பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 80 கிராம், இரும்புச் செலேட் 2 கிராம். ‘பி’ பாட்டிலில் பொட்டாசியம் நைட்ரேட் 40 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 20 கிராம், மெக்னீசியம் சல்பேட் 40 கிராம், நுண்ணூட்டம் பாக்கெட்டில் சொன்ன அளவு. பயன்படுத்தும்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டிலும் 10 மி.லி. வீதம். வெயில் காலத்தில் செடி சத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிப்பதால் மிச்சக் கரைசல் கெட்டியாகிக்கொண்டே போகும். ஆகவே கோடையில் மூன்றில் இரண்டு பங்குதான்: 25 லிட்டர் பெட்டிக்கு இரண்டிலும் 165 மி.லி. பெட்டிக்கு உரச்செலவு 6 ரூபாய் அளவில் நிற்கிறது. இடையில் நிரப்பும்போது வெறும் தண்ணீர்.

ஏன் இரண்டு பாட்டில் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டிலும் ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் கலந்தால் நொடியில் வெளுத்துக் கலங்கி, அடியில் மாவு தங்கும். கால்சியம் சல்பேட்டும் பாஸ்பேட்டும் அப்படிப் படிந்துவிட்டால் செடிக்கு எட்டாது. பெட்டியில் முதலில் தண்ணீர், பிறகு ‘ஏ’, நன்றாகக் கலக்கி, பிறகு ‘பி’. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கால்சியம் நைட்ரேட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சென்னைக் காற்றில் அதைப் பிரித்து வைத்தால் உப்பு கசிவதைவிட வேகமாகக் கசியும். காலையில் மணிமணியாக இருந்தது இரவுக்குள் கூழாகிவிடும். கூழை எடை போட்டால் பாதி தண்ணீரைத்தான் எடை போடுகிறோம். வாங்கிய அன்றே முழுப் பாக்கெட்டையும் 80 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து ஜிப் கவரில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிட வேண்டும்.

உண்மையில் பெரிய தலைவலி தண்ணீர். எங்கள் போர்த் தண்ணீர், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 1,150 பி.பி.எம். காட்டுகிறது. கீரைக்கு உரம் சேர்த்த பிறகே மொத்தம் 800, 900-க்குள் இருந்தால் நல்லது. இதில் உரம் போடுமுன்பே கோட்டா முடிந்துவிட்டது, அதுவும் பெரும்பாலும் வேண்டாத உப்பால். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரைப் பயன்படுத்தலாமே என்று ஆலோசனை சொன்னார்கள். அது வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர், போரைவிட மோசம். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயில் ஒரு ‘டீ’ இணைப்பு போட்டு 200 லிட்டர் நீல டிரம்மில் ஐப்பசி மழையைப் பிடித்து வைத்தேன். முதல் மழையை விட்டுவிட்டுப் பிறகு பிடித்தது மீட்டரில் 25. மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு போர்த் தண்ணீர் சேர்த்தால் 300 சுற்றில் வருகிறது. அந்த ஒரு பங்கை வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். வெறும் மழைநீரில் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) நிலையில்லாமல் ஏறி இறங்கும். டிரம் தீர்ந்தால் மெட்ரோ லாரித் தண்ணீர்.

மீட்டர் வாங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 350 ரூபாய் டி.டி.எஸ். மீட்டர் அளப்பது ஈ.சி. எனப்படும் மின்கடத்துதிறனைத்தான். அதை 500-ஆல் பெருக்கி பி.பி.எம். என்று காட்டுகிறது. சில மீட்டர்கள் 700-ஆல் பெருக்குகின்றன. ஆகவே ஒருவர் 840 என்பதும் இன்னொருவர் 600 என்பதும் ஒரே கரைசலாக இருக்கலாம். ஈ.சி. எண்ணையே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது; கீரைக்கு 1.2 முதல் 1.8 மில்லிசீமென்ஸ்/செ.மீ.

பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். போர்த் தண்ணீர் கலந்ததும் அது 7.6-க்குப் போய் நின்றது. குருத்திலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக ஓடின; இரும்பு இருந்தும் எட்டாத பசி அது. எலுமிச்சைச் சாறு பிழிந்தேன், வினிகர் விட்டேன். அன்று 6-க்கு வரும், இரண்டு நாளில் நுண்ணுயிர்கள் அமிலத்தைத் தின்று தீர்த்து மறுபடி 7.5. பாஸ்பாரிக் அமிலம் விட்ட பிறகுதான் நின்றது. 85 சதவீத அமிலத்தைக் கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீருக்குள் அமிலமாக, ஒரு லிட்டருக்கு 20 மி.லி. வீதம் நீர்த்து வைத்துக்கொண்டு, அதை மூடி மூடியாக விட்டு அளக்கிறேன். இரும்புச் செலேட்டிலும் வகை உண்டு. ஈ.டி.டி.ஏ. வகை 6.5-க்கு மேல் தளர்ந்துவிடும். ஈ.டி.டி.எச்.ஏ. வகை உயர்ந்த பி.எச்.சிலும் தாங்கும், விலை கூடுதல். கரைத்தால் பீட்ரூட் சாறு நிறம். போர்த் தண்ணீர்க்காரர்கள் இரண்டாவதை வாங்குவதே மேல்.

இத்தனைக்குப் பிறகும் பெட்டிக்குள் மதியம் 3 மணிக்கு 32 டிகிரி, அதுவும் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே. குழாய் வாளியின் 38-ஐவிட எவ்வளவோ மேல். ஆனால் லெட்டூஸுக்கு அதுவும் அதிகம். தண்டு நீட்டிப் பூவெடுத்துக் கசந்துவிட்டது. பாலக் பிழைத்தது, மகிழ்ச்சியாக இல்லை. தண்ணீரைச் செடிக்கு ஏற்பக் குளிர்விக்கும் முயற்சியை விட்டுவிட்டு, சூட்டுத் தண்ணீரில் வாழும் செடியைத் தேட வேண்டியதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. குளக்கரையில் வெயிலில் மிதந்து படரும் வள்ளைக்கீரைக்கு இந்த 32 டிகிரி ஒரு பொருட்டே இல்லை.

சந்தையில் கட்டு வாங்கித் தண்டைச் செருகினாலும் கணுவில் வேர் விடும். ஆனால் அது எந்தக் கால்வாய் நீரில் விளைந்தது என்று யாருக்கும் தெரியாது. விதை வாங்கி, இரவு ஊறவைத்து, ஓர் அங்குல ஸ்பான்ஜ் துண்டில் கீறி நுழைத்தேன். தென்னை நார்த்தூள் பயன்படுத்திய பெட்டியில் தூள் உதிர்ந்து கரைசல் பழுப்பானது. அதிலிருக்கும் உப்பையும் பலமுறை அலசி எடுக்க வேண்டியிருக்கிறது. கீரைக்கு ஸ்பான்ஜ் போதும். மூன்றாம் வாரம் முதல் அறுக்கலாம். கணுவுக்கு மேல், இரண்டு கணு விட்டு நறுக்கினால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டாகக் கிளைக்கிறது. புதினாவும் வல்லாரையும் பக்கத்துப் பெட்டிகளில் சளைக்காமல் வளர்கின்றன. லெட்டூஸ் மார்கழி, தையில் மட்டும்.

கொசுவை மறக்கக் கூடாது. மாநகராட்சி ஊழியர்கள் தேங்கிய நீர் பார்க்க வரும்போது முதலில் கண் போவது இந்தப் பெட்டிகள் மேல்தான். அவர்கள் டார்ச் அடித்துப் பார்த்தபோது காலியாக இருந்த ஒரு துளையின் கீழே புழு நெளிந்தது. நட்ட துளையில் ஸ்பான்ஜ் அடைத்துவிடுகிறது, காலித் துளைதான் வாசல். இப்போது காலித் துளைக்கு அறுத்தெடுத்த தெர்மாகோல் வில்லையையே அடைக்கிறேன். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் சுற்றிலும் டேப். மழைநீர் டிரம்மின் வாய்க்கு நைலான் வலை.

பெட்டி ஒன்றுக்குக் கணக்கு: பெட்டி 70, விரிப்பு 60, நெட் பாட் ஆறுக்கு 30, ஸ்பான்ஜ் 10, ஆக 170 ரூபாய். மீட்டர்கள் இரண்டும் சேர்த்து 950. தெருவில் கீரைக்கட்டு 20 ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில் இது லாபக் கணக்கு அல்ல; சேமிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்த முறைக்கு மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. மூடியின் மேற்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூச வேண்டும். வெயில் பட்டுத் தெர்மாகோல் மேலே பொடிப்பொடியாக உதிர்கிறது. ஐப்பசியில் மூடி வழியே மழை இறங்கிக் கரைசல் நீர்த்துப்போனது, அதற்குச் சாய்வாக ஒரு பாலிகார்பனேட் தகடு. பழைய கரைசலைக் கருவேப்பிலைத் தொட்டிக்கு நேரடியாக ஊற்றாமல், சம அளவு தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். குழாய்ப் பந்தலிலிருந்து கழற்றிய மோட்டாரை விற்கவில்லை. மழைநீர் டிரம்மிலிருந்து பெட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்ற அதுதான் பயன்படப் போகிறது.